வண்டிக்காரர் மகள்

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மூன்று பேரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதை நீ காற்றில் விட்டிருப்பாய். உன் ஆபீஸே மாடியில்தானே இருக்கிறது!

அச்சகத்தில் காகிதம் வெட்டப் புது மெஷின் வந்திருக்கிறது. பழையதைவிட இரண்டு மடங்கு சத்தம். எனக்கு அது வசதியாகப் போய்விட்டது. யார் என்ன கேட்டாலும் கையைக் காட்டினால் போதும். வாயைத் திறக்காமல் சம்பளம் வாங்குகிற வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல். காகிதத் தூசியால் வரும் இருமல் மட்டும் விட்டபாடில்லை.

போனில் பேசக் கூடாதா என்று இந்தத் தடவையும் கேட்டிருக்கிறாய். போனில் நான் ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவருவதற்குள் லைன் கட்டாகிவிட்டது என்று நீ வைத்துவிடுவாய். கடிதத்தில் எனக்குத் திக்குவதில்லை.

என் பெண் சில்வண்டு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு சேர்ந்துவிட்டாள். வகுப்பாசிரியை தினமும் ஒவ்வொருவராக எழுப்பிப் பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்கிறாராம். வீட்டில் ஓயாமல் ரீங்காரம் போடுகிறவளுக்கு வெளியாட்கள் முன்னால் என்னைப் போலவே வார்த்தை சிக்கும், உனக்குத் தெரியாததா? கொஞ்ச நாளாகக் காலையில் வயிற்றுவலி என்கிறாள். புது இடம், பழகிவிடும்.

உன் அன்புத் தம்பி


ஜூன் 29

அன்புத் தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். முழங்காலுக்கும் எனக்கும் போட்டி நடக்கிறது. படி ஏறும்போது நான் ஜெயிக்கிறேன், இறங்கும்போது அது ஜெயிக்கிறது. உன் இருமலை அலட்சியம் செய்யாதே. மூக்கில் துணி கட்டிக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது?

இங்கே பள்ளிக்கூடம் திறந்ததும், பிள்ளைக்காகப் பள்ளியோடு வாதாட எங்கள் உதவி கேட்டு வருகிற பெற்றோரால் ஆபீஸ் நிரம்பி வழிகிறது. பஸ் டெப்போவில் வண்டி கழுவுகிற ஓர் அம்மா. அவள் பையன் வகுப்பில் நாற்காலியைத் தூக்கிப் போட்டு உடைத்துவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், திரும்பச் சேர்க்க மாட்டேன் என்கிறார்கள். விசாரணைக்கு முன்னால் நாங்கள் ஒத்திகை பார்ப்போம். நான் மேஜைக்கு அந்தப் பக்கம் தலைமை ஆசிரியர் மாதிரி உட்கார்ந்து உறுமினேன். "உங்க பையனால எங்களுக்கு எவ்வளவு நஷ்டம் தெரியுமா?" அந்த அம்மா அசரவே இல்லை. "உடையற மாதிரி நாற்காலிய யாரு சார் உங்கள வாங்கச் சொன்னது?" எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதை மட்டும் அங்கே சொல்லிவிடாதே தாயே என்று கெஞ்சியிருக்கிறேன்.

இந்த வேலையில் எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே விஷயம்தான். ஒரு பிள்ளை படிப்பை விட்டு நிற்கிறது என்று தெரிந்தாலும் நாங்களாகப் போய்க் கதவைத் தட்டுவதில்லை. பெற்றவர்கள் வாய் திறந்து கேட்க வேண்டும், பிறகுதான் எங்கள் கால் நகரும். கேட்காமல் நுழைந்தால், அவர்களை ஒரு பொருட்டாக மதிக்காத பள்ளிக்கூடத்துக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

சில்வண்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வயிறு வலிக்கிறதா? கவனித்து எழுது. மறந்துவிடாதே.

உன் அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள அக்காவுக்கு,

உடனே பதில் போடவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, வேலை தலைக்கு மேல் இருந்தது. எல்லோரும் சௌக்கியம். வீட்டுக்காரிக்கு ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் இந்த மாதம் முழுக்கப் பகல் வேலை. சில்வண்டுக்கு வயிற்றுவலி சரியாகிவிட்டது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், எனக்காக இல்லை. எங்கள் அச்சகத்துச் சரக்கு வண்டி ஓட்டுகிறாரே, அவர் மகளுக்கும் வாய் சிக்குமாம். இதெல்லாம் நம் வீட்டில் மட்டுமா இருக்கிறது? வகுப்பில் எழுப்பி நிறுத்தினால் வாசிக்காமல் நிற்கிறாளாம். படிப்பு ஏறவில்லை, தனிப்பிரிவுக்கு மாற்றப் போகிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். அது பின்கட்டிடத்தில் இருக்கிறது. அங்கே போகிற பிள்ளைகள் அட்டை ஒட்டுகிறார்கள், உறை மடிக்கிறார்கள். பொதுத் தேர்வு எழுத அனுப்புவதில்லை. ஒரு தடவை உள்ளே போனால் திரும்பி வந்த பிள்ளை இல்லை என்கிறார்கள்.

அந்தப் பெண் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்குகிறவள், அக்கா. கதைப் புத்தகம் கிடைத்தால் சாப்பாடு இறங்காது. வண்டிக்காரர் பாவம், வாயில்லாப் பூச்சி. அவர் என்ன செய்யலாம்?

உன் அன்புத் தம்பி


ஆகஸ்ட் 28

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம் என்று படித்து நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதிலைக் காணோம். போகட்டும்.

வண்டிக்காரரிடம் இதையெல்லாம் சொல். அவர் சம்மதிக்காமல் பிள்ளையை மாற்ற முடியாது. அதற்கென்று ஒரு கூட்டம் போட்டாக வேண்டும். தலைமை ஆசிரியை, வகுப்பாசிரியை, கல்வி அலுவலக அதிகாரி மூன்று பேரும் இருப்பார்கள். மகள் எழுதிய பரீட்சைத் தாள்களை ஒன்று விடாமல் எடுத்துப் போகட்டும். வாய் சிக்குவது வேறு, படிப்பு ஏறாதது வேறு என்று அவர்கள் முகத்துக்கு நேரே கேட்கட்டும். முடியாவிட்டால் "எனக்குச் சம்மதமில்லை" என்று மட்டும் சொன்னால்கூடப் போதும். அந்த இரண்டு வார்த்தையில் எல்லாம் நின்றுவிடும், மற்றதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே சம்மதம் என்று பதிவாகிவிட்டால் ஒரு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அதையும் விட்டுவிட்டால் கதவு சாத்தியதுதான்.

அவர் விரும்பினால் நான் கூட வந்து உட்காருவேன். ஒரு பகல் ரயில் பயணம், அவ்வளவுதானே. ஆனால் அவர்தான் கேட்க வேண்டும்.

உன்னை முதன்முதலில் அச்சகத்துக்குக் கூட்டிப் போனது ஞாபகம் வருகிறது. முதலாளி உன் பெயரைக் கேட்டார், நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். வெளியே வந்ததும், தெருவில் நின்று, எவ்வளவு நேரம் எடுத்துச் சொன்னாய். "அக்கா, என் பேரையாவது நான் சொல்லிக்கிறேனே." அன்றைக்கு வாயை மூடினவள்தான். அதற்குப் பிறகு உன் விஷயத்தில் நான் ஒரு வார்த்தை முந்தியதுண்டா? வண்டிக்காரருக்கும் அப்படி ஒரு மனசு இருக்கலாம், அதனால்தான் சொல்கிறேன்.

உன் அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதத்தை வண்டிக்காரரிடம் வரிக்கு வரி சொன்னேன். மிகவும் நன்றி சொன்னார்.

கூட்டம் இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதி. தானே பார்த்துக்கொள்வாராம், உன்னைத் தொந்தரவு செய்ய மனசில்லையாம். தன் பிள்ளைக்குத் தானே பேசாமல் வேறு யார் பேசுவது என்கிறார். அவர் மனைவி தானும் வருகிறேன் என்றதற்குக்கூட வேண்டாம் என்றுவிட்டார். வேலை நேரத்தில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறாராம். சத்தத்தில் யாருக்கும் கேட்காது. சில நாள் நன்றாகவே வருகிறதாம்.

முழங்காலுக்குத் தைலம் போடு.

உன் அன்புத் தம்பி


செப்டம்பர் 14

அன்புத் தம்பிக்கு,

தைலம் போடுகிறேன், நாற்றம் தாங்காமல் ஆபீஸில் என் பக்கத்து நாற்காலி காலியாகிவிட்டது.

இருபத்திரண்டாம் தேதிதான் இங்கே நாற்காலிப் பையனின் விசாரணையும். என்ன பொருத்தம் பார்! ஆனாலும் எனக்குப் பதில் போக இங்கே ஆள் இருக்கிறது. வண்டிக்காரரிடம் இதைச் சொல். ஒரே ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், எதையும் விட்டுவிட்டு வந்து நிற்பேன். வாயே திறக்க வேண்டாம் என்றால் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு மனசே கேட்கவில்லை.

பேச வராவிட்டால் எழுதிக்கொண்டு போய்க் கொடுக்கட்டும். அதுவும் செல்லும்.

சில்வண்டுக்கு என் முத்தங்கள்.

உன் அக்கா


அக்டோபர் 19

அன்புத் தம்பிக்கு,

நலமா? உன் மனைவி நலமா? சில்வண்டு நலமா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காகிதத்துக்கு நடுவிலேயே வேலை செய்கிறவனுக்குக் காகிதப் பஞ்சமா?

நாற்காலிப் பையனைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அவன் அம்மா படியிலேயே என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. அந்த அறையில் இருந்த நேரமெல்லாம் மனசு வேறு ஓர் அறையில் இருந்தது.

போதும், தம்பி. போன வருடம் உங்கள் அச்சகத்து ஆண்டுவிழாப் படம் அனுப்பியிருந்தாய். வண்டிக்காரர் இரண்டு மகன்களோடு நிற்கிறார். தனக்கு இரண்டே பையன்கள், பெண் குழந்தை இல்லையே என்று அவர் ஏங்குகிறார் என்று படத்தின் பின்னால் நீயே எழுதியிருந்தாய். அந்த மகள் யார் என்று உன் முதல் வரியிலேயே எனக்குத் தெரியும். நீ மூடியதை நான் திறக்க வேண்டாம், நீயாகக் கேட்பாய் என்று காத்திருந்தேன்.

என்ன ஆயிற்று? எழுது.

உன் அக்கா


அக்டோபர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு எல்லோரும் நலம்.

உனக்குத் தெரிந்திருக்கும் என்று எனக்கும் ஒரு மூலையில் தெரியும். தெரிந்தும் நீ வரவில்லையே என்று சில நாள் உன்மேல் கோபமாக இருந்தேன், ஊரார் பிள்ளைக்கெல்லாம் ஓடுகிறாளே, நமக்காக வர ஒரு சொல் கேட்க வேண்டுமா என்று. அதே சமயம், நீ வந்து நின்றுவிடுவாயோ என்று பயமாகவும் இருந்தது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பேனாவைத் தொடவில்லை.

அன்றைக்கு நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். பரீட்சைத் தாள்கள் இருந்தன. நீ சொன்னபடி எல்லாவற்றையும் ஒரு பக்கம் எழுதிப் பையில் வைத்திருந்தேன். தலைமை ஆசிரியை அறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சில்வண்டையும் வகுப்பிலிருந்து கூட்டி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள், அக்கா. தண்ணீர் கொடுத்தார்கள்.

பேசச் சொன்னதும் நான் காகிதத்தை எடுத்து நீட்டினேன். அதிகாரி அதை வாங்கவில்லை. "நீங்களே வாசிச்சிடுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எழுந்து நின்றேன். முதல் வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. மெஷின் சத்தத்தில் அத்தனை தடவை வந்த வார்த்தை. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது, வாய் மட்டும் திறந்தபடி நிற்கிறது. வகுப்பாசிரியை தலையைக் குனிந்துகொண்டார். "பரவால்ல, மெதுவா சொல்லுங்க, மெதுவா" என்று தலைமை ஆசிரியை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சொல்லச் சொல்ல இன்னும் இறுகியது.

சில்வண்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பிறகு எழுந்து என் முன்னால் வந்து நின்றாள். "எங்கப்பாவ உக்காரச் சொல்லுங்க. நான் அந்த வகுப்புக்கே போறேன். எனக்குப் பிடிச்சுதான் சொல்றேன்" என்றாள்.

ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை. வெளியாட்கள் முன்னால் அவள் அப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லை. பேச வராத பிள்ளை என்று கூட்டம் போட்டவர்கள் முன்னால் மணி மணியாகப் பேசினாள், அது ஒருவர் காதிலும் விழவில்லை. "பாருங்க, பிள்ளைக்கே தெரியுது" என்று அதிகாரி எழுதிக்கொண்டார். நான் உட்கார்ந்தேன். சம்மதமில்லை என்று தலையாட்டியிருக்கலாம். ஆட்டவில்லை. அந்த அறையைவிட்டு வெளியே போனால் போதும் என்று இருந்தது. அவளை விற்றுவிட்டு எழுந்து வந்தேன், அக்கா.

வீட்டுக்கு வரும் வழியில் "அப்பா, எனக்கு நிஜமாவே பிடிச்சிருக்கு" என்று நாலைந்து தடவை சொன்னாள். அப்போது திக்கியது.

உன் தம்பி


நவம்பர் 4

தம்பி,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை.

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. கேள். கூட்டத்துக்குப் பிள்ளையை உள்ளே விடக் கூடாது. எங்களிடம் வருகிற எல்லோருக்கும் வாசலில் வரவேற்பில் இருக்கிற பெண் முதலில் சொல்வதே அதுதான், "பிள்ளைய வெளிய உக்கார வைங்க." பெற்றவர்கள் தலைகுனிவதைப் பார்க்கிற பிள்ளை எதற்கும் சம்மதித்துவிடும். எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! வாசலிலேயே சொல்லிவிடுவதால் நாங்கள் யாரும் அதை எழுதிக் கொடுப்பதில்லை. பரீட்சைத் தாள், சம்மதம், மேல்முறையீடு என்று உனக்கு நீட்டி முழக்கினேன். இதை எழுதவில்லை. உனக்கு எங்கள் வாசல் ஏது? அந்த யோசனைகூட எனக்கு வரவில்லை. சோறு இறங்கவில்லை, தம்பி.

நீ கேட்டால்தான் வருவேன் என்று உட்கார்ந்திருந்தேனே, உன் மரியாதையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. நீ என் வீட்டுப் பிள்ளை, மனு கொண்டுவந்தவன் இல்லை.

கூட்டத்திலிருந்து ஒரு மாதம் போய்விட்டது. ஆனாலும் பிள்ளையை அந்த அறையில் வைத்துக் கேட்டது முறையில்லை என்று காட்டித் தாமதத்தை மன்னிக்கச் சொல்லலாம். மறுபடி கூட்டம் போடுவார்கள். நான் பக்கத்தில் இருப்பேன், நானே பேசுகிறேன். ஆனால் மனுவில் உன் கையெழுத்து வேண்டும், அங்கே உன்னையும் ஒரு வார்த்தை கேட்பார்கள். சரி என்று ஒரு வரி எழுது. இந்த மாதத்துக்குள் எழுது.

உன் அக்கா


ஜனவரி 11

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். அம்மா நலம். அப்பாவுக்கு இருமல் இருக்கிறது. உங்கள் முழங்கால் நலமா?

நான் எழுதுவது அப்பாவுக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்ததும் அப்பா நிறைய நாள் அதை எடுத்து எடுத்துப் படித்தார். பதில் எழுத உட்காருவார், கிழித்துப் போடுவார். நான்தான் அப்பாவிடம் எழுத வேண்டாம் என்று அழுதேன். மறுபடி கூட்டம் வைத்தால் அப்பா எழுந்து நிற்க வேண்டும். நான் அதை இன்னொரு தடவை பார்க்க மாட்டேன், அத்தை. நீங்கள் வந்து பேசினாலும் அவரையும் கேட்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

புது வகுப்பில் பதினோரு பேர் இருக்கிறோம். இங்கே யாரும் என்னை வாசிக்கச் சொல்வதில்லை. வயிறு வலிப்பதில்லை. காலையில் அட்டை ஒட்டுவோம், மத்தியானம் உறை மடிப்போம். நான் சீக்கிரம் முடித்துவிடுவேன். பிறகு சும்மா உட்கார்ந்திருப்பேன். கணக்குப் புத்தகம் கேட்டேன், இந்தப் பிரிவுக்குப் புத்தகம் கிடையாது என்றார்கள். பழைய வகுப்புத் தோழியின் புத்தகத்தை ஞாயிற்றுக்கிழமை வாங்கிக் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். பின்னக் கணக்கு வரை எனக்கே வந்துவிட்டது. அதற்குப் பிறகு புரியவில்லை.

உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டும். அப்பா இப்போது வீட்டிலும் பேசுவதில்லை. முன்பு திக்கினாலும் பேசுவார், கதை சொல்வார், என்னை வம்புக்கு இழுப்பார். இப்போது அச்சகத்தில் செய்வது போல எங்களிடமும் கையைக் காட்டுகிறார். எனக்குப் பிடித்துத்தான் இந்த வகுப்புக்கு வந்தேன் என்று தினமும் சொல்கிறேன், நம்ப மாட்டேன் என்கிறார். நான் சொல்லும்போது திக்குகிறது, அதனால் பொய் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

நீங்கள் எழுதினால் நம்புவார். நீங்கள் பேசினால் பெரிய அதிகாரிகளே கேட்பார்கள் என்று அம்மா சொன்னாள். நான் ஆசைப்பட்டுத்தான் வந்தேன் என்று அப்பாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், அத்தை. நான் கேட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்படிக்கு,
சில்வண்டு


ஜனவரி 17

அன்புத் தம்பிக்கு,

நான் நலம், முழங்கால் பரவாயில்லை. உன் இருமல் குறைந்ததா?

பதில் எழுதவில்லையே என்று நீ சங்கடப்பட வேண்டாம். மேல்முறையீட்டுப் பேச்சை விட்டுவிடுவோம். நானும் யோசித்துப் பார்த்தேன், அது தேவையில்லை.

சில்வண்டு எனக்கு ஒரு கடிதம் போட்டிருக்கிறாள். வெறும் பள்ளிக்கூடக் கதைதான். வகுப்பில் பதினோரு பேராம், வேலையை எல்லோருக்கும் முன்னால் இவள்தான் முடிக்கிறாளாம், வயிற்றுவலி போன இடம் தெரியவில்லையாம். கடிதம் முழுக்க ஒரே பெருமை. இந்தப் பிரிவுகளைத் திட்டித் திட்டியே இத்தனை வருடம் சம்பளம் வாங்கியவள் நான், எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவுச் சட்டை பொருந்துமா?

அவள் உன்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இது என் தொழில், தம்பி, நான் சொல்வதைக் கேள். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இப்படிப்பட்ட அறைகளில் பேசி நான் கேட்டிருக்கிறேன். மனசில் ஒன்று வைத்துக்கொண்டு வாயில் ஒன்று சொல்கிற பிள்ளைக்கு வார்த்தை உடையும், குரல் நடுங்கும், திக்காத பிள்ளைக்கும் திக்கும். அவளுக்கு ஓர் எழுத்துகூடத் திக்கவில்லை என்று நீதானே எழுதினாய்? மனசார ஆசைப்பட்டதைச் சொன்னதால்தான் அப்படி வந்தது.

வீட்டில் பேசு. எவ்வளவு நேரமானாலும் அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவள் உனக்காகச் சொல்லவில்லை, தம்பி. தனக்காகத்தான் சொன்னாள். என்னை நம்பு.

உன் அக்கா